வலி நின்ற காலை

வயிற்றுவலி வராத பிள்ளை உலகில் இல்லை. மாங்காய் தின்றால் வரும். பூச்சி இருந்தால் வரும். பரீட்சை நெருங்கினாலும் வரும். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் ஒவ்வொரு வயிற்றுவலிக்கும் மருத்துவமனைக்கு ஓடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் நூறு வலிகளில் ஒன்று மற்றவற்றைப் போன்றதன்று. அந்த ஒன்றை நாங்கள் எங்கள் வீட்டிலேயே மூன்று நாள் வைத்திருந்தோம். அது இன்னதென்று அறியவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்து இதை எழுதுகிறோம்.

1983ஆம் ஆண்டு மார்ச் 16, தவக்காலத்துப் புதன்கிழமை. கொள்ளிடக் கரையை அடுத்த ஒரு சிற்றூரில் அப்போது குடியிருந்தோம். எங்களில் ஒருவர் பங்கின் பள்ளியில் ஆசிரியர். மற்றவர் வீட்டையும் வயதான மாமியாரையும் மூன்று பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டிருந்தார். மூத்த மகனுக்கு வயது 11. அன்றிரவு அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். அவ்வளவே. அவன் அதிகம் பேசாத பிள்ளை. இளையவன் முள் குத்தினால் தெருவே கூடும். மூத்தவனுக்குக் கை முறிந்தபோதே மாலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் பள்ளியில் கணக்குத் தேர்வு. காலையில் எழுந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "கணக்கு என்றால் உனக்கு வயிறு வலிக்குமே" என்று ஆசிரியராகிய தந்தை சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, கையைப் பிடித்து எழுப்பி அனுப்பியும் வைத்தார். பதினொரு மணிக்கு இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு அவன் வீடு திரும்பினான். வலது பக்கம் சற்றே குனிந்து, வயிற்றுக்கு அதிர்ச்சி தராதபடி அடியடியாக வைத்து நடந்து வந்தான் என்பதைத் தாய் கண்டார். கண்டாரே ஒழிய அதன் பொருள் விளங்கவில்லை.

அன்று மாலை அவனைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, மூன்று கிலோமீட்டர் தொலைவில் கன்னியர் நடத்திவந்த மருந்தகத்துக்குக் கொண்டு சென்றோம். வாய்க்கால் மதகின் மேல் சைக்கிள் ஏறி இறங்கியபோது அவன் "அம்மா!" என்று கத்தினான். அந்த மூன்று நாளில் அவன் வாய்விட்டுக் கத்தியது அந்த ஒருமுறைதான். பாதை மோசம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மருந்தகத்தில் இருந்தவர் கேரளத்தைச் சேர்ந்த முதிய அருட்சகோதரி. அவர் கேட்ட முதல் கேள்வி எங்களுக்கு விந்தையாக இருந்தது. "முதலில் வந்தது வலியா, வாந்தியா?" வலி என்றோம். "எங்கே தொடங்கியது, இப்போது எங்கே?" நேற்று தொப்புளில், இன்று வலப்பக்க அடிவயிற்றில். பையனைப் படுக்க வைத்து, வலிக்காத இடப்பக்கத்திலிருந்து மெதுவாகக் கையை வைத்துக்கொண்டு வந்தார். வயிற்றை அவர் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தார். இருமச் சொன்னார். இருமும்போது பையனின் கை தானாக வலப்பக்கத்துக்குப் போயிற்று. பிறகு எழுந்து வலது காலால் நொண்டி அடிக்கச் சொன்னார். பாண்டி விளையாட்டில் தெருவை வென்ற பையன் ஒரு குதி கூடக் குதிக்கவில்லை.

"சார், இன்றிரவே நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாயில் ஒன்றும் கொடுக்க வேண்டாம். பேதிக்குக் கொடுக்கவே கூடாது" என்றார் அவர்.

நாங்கள் கொண்டு போகவில்லை.

காரணங்களை எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதாகத்தான் இருக்கிறது. கடைசிப் பேருந்து போய்விட்டது. கையில் பணம் இல்லை. ஆபரேஷன் என்ற சொல்லுக்கே அந்நாளில் கிராமத்தில் நடுக்கம். வீட்டுக்கு வந்ததும் அப்பாயி, "கழிச்சல் போனால் வலியும் போய்விடும்" என்று விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார்கள். அருட்சகோதரியின் சொல் காதில் இருந்தது. ஆனால் பெரியவர்களின் கை முன்னே இருந்தது. பேரனைத் தம் மடியிலேயே வளர்த்தவர்கள். கொடுத்துவிட்டார்கள். நாங்கள் தடுக்கவில்லை. அழற்சி கண்ட குடல்வாலை வைத்துக்கொண்டு குடலை முறுக்கிப் பிழிகிற பேதி மருந்தைக் கொடுப்பது எத்தகைய கேடு என்று இன்று எந்தச் செவிலியும் சொல்வார்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. நிலைகளை வாசிக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் நிலைகளில் ஆண்டவர் விழுந்ததை ஊரே கண்ணீர் விடும்படி வாசித்தவர், பாயில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்த தம் மகனைப் பார்க்க இரவு எட்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். சனிக்கிழமை காலை முதல் பேருந்துக்குப் போவது என்று அப்போதுதான் தீர்மானித்தோம்.

ஆனால் சனிக்கிழமை விடியுமுன் வலி நின்றுவிட்டது.

இதை நிறுத்திச் சொல்ல வேண்டும். இரவெல்லாம் முனகியவன் நான்கு மணியளவில் பெருமூச்சு விட்டான். "இப்போது வலிக்கவில்லை அம்மா" என்றான். கால்களை நீட்டிப் படுத்தான். தூங்கினான். நாங்கள் இருவரும் அந்த மண்தரையில் முழந்தாளிட்டோம். அன்று மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள். குடும்பங்களின் காவலர் நம் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு காலைத் திருப்பலிக்குப் போனோம். நன்றிக்கென்று மெழுகுவர்த்தி ஏற்றினோம். பேருந்து எங்கள் கண் முன்னேதான் புறப்பட்டுப் போயிற்று.

புறப்படுமுன் தாய் ஒருமுறை தூங்கும் மகனின் மார்பில் கை வைத்துப் பார்த்தார். கையில் அகப்பட்ட சிட்டுக்குருவியின் நெஞ்சு போல் அடித்துக்கொண்டிருந்தது. அசதி என்று எண்ணினார்.

நண்பகலில் உடல் கொதித்தது. வயிறு பலகை போல் இறுகியது. கண்கள் உள்ளே போயின. ஓடி வந்த அருட்சகோதரி கையை வைத்த மாத்திரத்தில் எடுத்துவிட்டார். பங்குத்தந்தையின் ஜீப்பில் அவனைக் கிடத்தி, வழியிலேயே நோயில்பூசுதல் கொடுக்கப்பட்டது. சூசையப்பர் நல்மரணத்தின் காவலரும் ஆவார் என்பது அந்த ஜீப்பில்தான் தாயின் நினைவுக்கு வந்தது.

அறுவை மருத்துவர் இரவு பதினொரு மணிக்கு வெளியே வந்து, "குடல்வால் கிழிந்து வயிறு முழுவதும் சீழ், எப்போது வலி நின்றது?" என்று கேட்டார். விடியற்காலை என்றோம். "அப்போதுதான் கிழிந்திருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எதற்காக முழந்தாளிட்டு நன்றி சொன்னோமோ, அதுவே எங்கள் மகனின் குடல் கிழிந்த நேரம்.

24 நாட்கள் அவன் மருத்துவமனையில் கிடந்தான். வயிற்றின் ஓரத்தில் சீழ் வடிய ஒரு குழாய். உயிர்ப்பு ஞாயிறு வார்டிலேயே கழிந்தது. பிழைத்துக்கொண்டான். அந்த நன்றி செபத்தைப் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ஒருவர், அது அறியாமையின் செபம், ஆண்டவர் அதைப் பொறுத்துக்கொண்டார் என்கிறார். மற்றவர், கேட்டதை அல்ல, கேட்க வேண்டியதைத் தந்தார் என்கிறார். பங்குத்தந்தையரிடம் கேட்டும் இது தீரவில்லை.

அதன் பிறகு இந்நோயைக் குறித்து அகப்பட்டதையெல்லாம் படிப்பது எங்களுக்கு வழக்கமாயிற்று. மருத்துவர்களாக வேண்டும் என்ற ஆசையால் அன்று. அந்த மூன்று நாட்களில் எங்கே எதைத் தவறவிட்டோம் என்று அறியவே. படித்ததில் வாசகக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடியதைச் சொல்லுகிறோம்.

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புழுப்போல் தொங்கும் சிறு குழாயே குடல்வால். அதன் வாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் பெருகி, கிருமிகள் பெருகி, சுவர் வீங்குகிறது. தொடக்கத்தில் அந்த வலியை உடல் தெளிவாக இடம் சுட்டிக் காட்டுவதில்லை. குடலின் நரம்புகள் மங்கலாகவே பேசும். ஆகவே தொப்புளைச் சுற்றித் தோன்றுகிறது. வீக்கம் வளர்ந்து வயிற்றின் உட்புறச் சவ்வைத் தொட்ட பிறகுதான் வலி வலப்பக்கத்துக்கு இறங்குகிறது. வலி இடம் பெயர்ந்தது என்றால் நோய் ஒரு படி ஏறியது என்று பொருள். அந்தச் சவ்வு அசைவைப் பொறுக்காது. இருமினால், குதித்தால், வண்டி குலுங்கினால் நோகும்.

மதகின் மேல் அவன் கத்தியது இதனால்தான். இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வேகத்தடைகளைக் கடந்து மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடம், தடையில் வாகனம் ஏறியபோது வலி கூடியதா என்று கேட்டிருக்கிறார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் ஆம் என்றார்கள். கூடியது என்றவர்கள் எல்லாருக்கும் இந்நோய் இல்லை. ஆனால் கூடவில்லை என்றவருக்கு இந்நோய் இருப்பது அரிது. கொள்ளிடக் கரை மதகு எங்களுக்கு இலவசமாகச் செய்து காட்டிய பரிசோதனையை இங்கிலாந்து மருத்துவர்கள் 29 ஆண்டுகள் கழித்து ஏட்டில் எழுதினார்கள் என்று எங்கள் மகன் வேடிக்கையாகச் சொல்வான்.

இந்நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை வைத்து, காலந்தாழ்த்தாமல் அறுவை செய்ய வேண்டும் என்று எடுத்துரைத்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ், ஆண்டு 1886. இடுப்பெலும்பின் முனைக்கும் தொப்புளுக்கும் இடையே விரலால் தொட்டறியும் புள்ளியை 1889இல் நியூயார்க்கின் சார்லஸ் மக்பர்னி குறித்துக் காட்டினார். இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26 அன்று நடக்கவிருந்தது. இரண்டு நாள் முன்பு அவர் வயிற்றில் சீழ்க்கட்டியைத் திறந்து வடித்தவர் சர் ஃபிரெடெரிக் டிரீவ்ஸ். முடிசூட்டு ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போயிற்று. அரசரைக் காத்த அதே டிரீவ்ஸின் இளைய மகள், அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1900இல், இதே நோயால் இறந்தாள். இதைப் படித்த அன்று எங்கள் வீட்டில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. அறிந்தவர் வீட்டிலும் இது நுழைந்திருக்கிறது.

அறிகுறிகளை எண்ணாக்கிப் பார்க்கும் முறை ஒன்று 1986இல் வந்தது. ஆல்ஃபிரெடோ அல்வராடோ என்ற மருத்துவர், பிலடெல்பியாவில் திருக்குடும்ப நாசரேத்து சபைக் கன்னியர் நிறுவிய நாசரேத்து மருத்துவமனையில் வயிற்றுவலியோடு சேர்க்கப்பட்ட 305 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து அதை வகுத்தார். வலி இடம் பெயர்ந்ததா, பசியில்லையா, குமட்டலோ வாந்தியோ உண்டா, அழுத்திக் கையை எடுக்கும்போது வலிக்கிறதா, சிறிது காய்ச்சல் உண்டா: ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வலப்பக்க அடிவயிற்றில் தொட்டால் வலி என்றால் இரண்டு. இரத்தத்தில் வெள்ளணுக்கள் 10,000க்கு மேல் என்றால் இரண்டு. அவற்றுள் ஒருவகை அணுக்கள் மிகுந்திருந்தால் மேலும் ஒன்று. மொத்தம் 10. ஐந்தோ ஆறோ என்றால் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஏழும் அதற்கு மேலும் என்றால் அநேகமாக இந்நோயே. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்ட ஆசிரியர், எங்கள் மகனின் அந்த வியாழக்கிழமைக்கு இரத்தப் பரிசோதனை இல்லாமலேயே ஐந்துக்குக் குறையாமல் போட்டுப் பார்த்தார். கணக்குத் தேர்வில் அவன் அன்று வாங்கியது பூஜ்யம்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இது குடல்வால் நோயா என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு முற்றியிருக்கிறது, கிழியப்போகிறதா, கிழிந்துவிட்டதா என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்கு மேற்சொன்ன எண் உதவும். இரண்டாம் கேள்விக்கு மருத்துவர்கள் வேறு சாட்சிகளையும் தேடுகிறார்கள்.

முதற்சாட்சி நேரம். வலி தொடங்கி எத்தனை மணி ஆயிற்று என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்லக்கூடியவர் வீட்டார் மட்டுமே. நியூயார்க்கில் 2006இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல் 36 மணி நேரத்துக்குள் குடல்வால் கிழிவது 100க்கு 2 பேருக்கும் மேற்படவில்லை. அதன் பின் கவனிக்காமல் விட்ட ஒவ்வொரு 12 மணி நேரத்துக்கும் அபாயம் 100க்கு 5 என்ற அளவில் இருந்தது. எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. சிலருக்கு விரைவிலும் கிழியும். எங்கள் மகனுக்குப் புதன் இரவு தொடங்கியது, சனி விடியலில் கிழிந்தது. 36 மணி முடிந்தது வெள்ளி காலையில். அன்று பேருந்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அடுத்தவை காய்ச்சலின் உயரமும் நாடியின் வேகமும். சிறு காய்ச்சல் தொடக்கத்துக்கு உரியது. கடுங்காய்ச்சலும் குளிர்நடுக்கமும் முற்றியதற்கு உரியவை. வலப்பக்கம் மட்டும் நோவது ஒரு நிலை. வயிறு முழுவதும் நொந்து இறுகுவது அடுத்த நிலை. இவற்றோடு இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் மிக உயர்ந்திருந்தால் அழற்சி ஆழமானது என்று கொள்வர். ஆனால் அது மெதுவாகவே ஏறும், முதல் சில மணிகளில் குறைவாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. மஞ்சள் காமாலைக்குப் பார்க்கும் பிலிருபின் அளவையும் இப்போது பார்க்கிறார்கள். குடலிலிருந்து புறப்படும் கிருமிகளும் அவற்றின் நச்சும் இரத்தக் குழாய் வழியே நேரே கல்லீரலுக்குப் போய் அதன் வேலையைச் சற்றே தடுமாறச் செய்கின்றன. கிழிந்த குடல்வால் உள்ளவர்களிடம் பிலிருபின் உயர்ந்திருப்பது மிகுதியாகக் காணப்படுகிறது. இரத்தத்தில் சோடிய உப்பு குறைந்திருப்பதும் அவ்வாறே. ஸ்கேனில் குடல்வாலைச் சுற்றி நீர் தெரிகிறதா, அதனுள்ளே கெட்டியான மலக்கல் அடைத்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

இவற்றுள் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை வலியை எடுத்துச் சொல்லத் தெரியாமல் வெறுமே சிணுங்கும். அழற்சியைப் போர்த்தி அடக்குகிற கொழுப்பு மடல் அதற்கு இன்னும் வளர்ந்திருக்காது. ஆதலால் விரைவில் முற்றும். முதியவர்க்கோ வலியும் காய்ச்சலும் மந்தமாக இருக்க, உள்ளே நோய் ஓடிக்கொண்டிருக்கும். கருவுற்ற தாய்க்கு வலி மேலே தள்ளித் தோன்றக்கூடும்.

அறுவை இல்லாமல் ஆண்டிபயாடிக் மருந்தாலேயே குணமாக்கலாம் என்று இப்போது பேசப்படுகிறதே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான்; முற்றாத நோயில் அது இயலும். பின்லாந்தில் 2015இல் வெளியான பெரிய ஆய்வில் அவ்வாறு மருந்து பெற்றவர்களுள் 100க்கு 27 பேருக்கு ஓராண்டுக்குள் அறுவை தேவைப்பட்டது. ஐந்தாண்டில் 100க்கு 39 பேருக்கு நோய் திரும்பியது. மலக்கல் இருந்தால் இந்த வழி அவ்வளவு நல்லதன்று. ஆகவே முற்றியதா இல்லையா என்ற கேள்விக்கு முன்னைவிட இன்று மதிப்பு அதிகம். சிகிச்சையே அதைப் பொறுத்துப் பிரிகிறது.

இனி 2022ஆம் ஆண்டுக்கு வருகிறோம். அந்தப் பதினொரு வயதுப் பையன் இப்போது திருச்சியில் குடும்பத்தோடு வாழ்கிறான். வலப்பக்க வயிற்றில் அரை முழத் தழும்பு. அவன் மகளுக்கு அப்போது வயது 12. ஓர் அதிகாலையில் வலி என்றாள். நாங்களும் அவ்வாரம் அங்கேதான் இருந்தோம். அவள் தந்தை ஒன்றும் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் மணியை எழுதினான். பத்து மணிக்கு வலி இடம் மாறியது, அதையும் எழுதினான். அரை மணியில் மருத்துவமனையில் இருந்தோம்.

மருத்துவர் பொறுமையானவர். பெண் பிள்ளையாதலால் சினைப்பையில் கோளாறு இல்லை என்பதை ஸ்கேனில் முதலில் உறுதி செய்தார். குடல்வால் 9 மில்லிமீட்டர் தடித்திருந்தது. 6க்கு மேல் இருக்கலாகாது. மதிப்பெண் 8. பிறகு இரண்டாம் கேள்வியை எடுத்துக்கொண்டார். சில மணி நேரமே ஆகியிருக்கிறது, நாடி அமைதி, பிலிருபின், சோடியம் சரி, நீரும் இல்லை, கல்லும் இல்லை. "முற்றவில்லை. மருந்து ஏற்றி, நாளைக் காலை முதல் வேலையாக எடுத்துவிடுவோம், இரவில் பதற வேண்டாம்" என்றார். வலிக்கும் மருந்து கொடுத்தார். நோயை மறைத்துவிடும் என்று முன்னாளில் வலி மருந்தை நிறுத்தி வைப்பார்களாம்; அது தேவையற்ற கொடுமை என்று இப்போது தெளிந்திருக்கிறார்கள்.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. பேத்தி கண் விழித்தாள். "அப்பா, வலி போயிடுச்சு" என்றாள்.

எங்கள் மகனின் முகம் வெளுத்தது. ஊரில் எந்தத் தகப்பனும் கேட்டு மகிழ்கிற சொல்லைக் கேட்டு அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வராந்தாவில் ஓடினான். நாங்கள் இருவரும் அவன் பின்னால் போகவில்லை, கால் வரவில்லை. அறையின் சுவரில் சூசையப்பர் படம் ஏதும் இல்லை என்பது கூட ஏனோ கண்ணில் பட்டது.

பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் தூக்கக் கண்ணோடு வந்தார். குழந்தையின் வயிற்றில் கை வைத்தார், இருமச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் மகனிடம், "சார், மருந்தால் வலி குறைந்திருக்கிறது. வயிறு மெத்தென்று இருக்கிறது. நாடியும் குறைந்திருக்கிறது பாருங்கள், 84. உள்ளே கிழிந்திருந்தால் வலி இறங்கும். நாடி இறங்காது, ஏறும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பயப்படாதீர்கள்" என்றார்.

தாயின் கை தன் மடியில் மெல்ல விரிந்து மூடியது. 39 ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் அந்தக் கையில் அடித்துக்கொண்டது என்ன என்று அவர் இப்போதுதான் அறிந்தார். மருத்துவர் போன பிறகு அதைத் தம் மகனிடம் சொன்னார். அன்றைய வியாழக்கிழமைக் காலையைப் பற்றி ஆசிரியரும் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கணக்குப் பரீட்சைக்கும் நான் படிக்கவில்லைதான் அப்பா" என்றான். பிறகு விடியும்வரை மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை எண்ணித் தாளில் எழுதினான். 84. 82. 86. 82.

காலை ஏழு மணிக்கு அறுவை. மருத்துவர் ஒரு சிறு குப்பியில் போட்டுக் காட்டினார். தடித்துச் சிவந்திருந்தது, கிழியவில்லை. மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். எங்கள் தெருமுனையில் கோவிலுக்கு எதிரே ஒரு வேகத்தடை. அதன் முன்னால் மகன் காரை ஏறக்குறைய நிறுத்தியே விட்டு, பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"வலிக்கலை அப்பா, போங்க" என்றாள் பேத்தி.